தோட்டக் கேள்வி பதில்: இலை வந்திட்டு எண்டு துள்ளாதீங்க

இந்த முறை வந்த கேள்வியில பாதிக்கு மேல ரோசாதான். தை பிறந்து மழை ஒள்ளுப்பம் விட்டாப் போதும், எங்கட பக்கம் ஆளாளுக்கு மலைநாட்டு ரோசா மேல ஆசை வந்திரும், செங்கலடிச் சந்தியில பதுளை வீதியால வாற பஸ்ஸுக்கு நிண்டு பெட்டி இறக்கிற ஆக்கள்ள நானும் ஒருவன். சட்டியோட வந்தா பாரம், மண்ணை உதறி வேரை மட்டும் சுத்திக் கட்டினா ஒரு பெட்டிக்க 20 கண்டு அடங்கும், அதால அப்பிடித்தான் எடுக்கிறம். அனுப்புற ஆக்கள் பெயார் ரூட் எண்டுவாங்க, எங்கட நேர்சரிப் பொடியனுகள் மொட்டைக் கண்டு எண்டுவானுகள். நான் ரெண்டையும் மாறி மாறித்தான் சொல்லுவன், கோவிக்கப்படாது.

கேள்வி: அண்ணன், ஓடர் பண்ணி 6 ரோசாக் கண்டு எடுத்தன். பெட்டியைத் திறந்தா விறகு மாதிரி முள்ளுக் குச்சிதான் கிடக்கு, மண்ணே இல்ல, வேரில ஈரப் பேப்பரும் தும்பும் சுத்தியிருக்கு. என்னை ஏமாத்திட்டாங்களா? உசிர் இருக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற? உடன சட்டியில வைக்கட்டா?
கல்லடியிலிருந்து ஒரு ஆசிரியை

பதில்: ஏமாத்தல்ல ரீச்சர், அது அப்பிடித்தான் வரும். முதல் தடவை எங்கட வீட்ட பெட்டி வந்தப்ப எங்கட அம்மா எட்டிப் பாத்திட்டு "காசு குடுத்தா இந்த முள்ளுக் கட்டைய வாங்கின, வேலிக்குக் குத்தவா" எண்டு கேட்டவ.

உசிர் பாக்கிறது லேசு. கொப்பில ஒரு இடத்தில நகத்தால தோலைச் சுரண்டுங்க. உள்ளுக்குப் பச்சையா ஈரமா இருந்தா கண்டு உசிரோட கிடக்கு. மண்ணிறமா வறண்டு கிடந்தா அந்த இடம் போயிட்டு எண்டுதான் அர்த்தம், முழுக் கண்டும் போயிட்டு எண்டு இல்ல, கீழ கீழ சுரண்டிக்கொண்டு போங்க, எங்க பச்சை தெரியுதோ அதுவரைக்கும் வெட்டிவிடலாம். மறுகா வேரைப் பாருங்க. வளைச்சா வயர் மாதிரி வளைஞ்சு குடுக்கிற வேர் நல்லது, காய்ஞ்ச ஈர்க்கு மாதிரி டக்கெண்டு முறியிறது செத்தது, தொட்டா வழுவழு எண்டு தோல் கழண்டு வந்து ஊத்தை நாத்தம் அடிச்சா அழுகினது. ஒரு கண்டில கால்வாசி வேர் செத்திருந்தாப் பரவாயில்ல, முக்காவாசி செத்திருந்தா படம் எடுத்து அனுப்பினவருக்குப் போடுங்க, அண்டைக்கே போடுங்க, நாலு நாள் கழிச்சுப் போட்டா அவர் உங்கட கையில பிழை எண்டு சொல்லுவார்.

உடன சட்டியில வைக்காதீங்க, முதல்ல தண்ணி. வழியில வரைக்க அந்தக் கண்டு ஈரத்தை இழந்திருக்கு, காய்ஞ்ச வேரை மண்ணுக்க வச்சா மண்ணில இருந்து உறிஞ்சிறதுக்கு அதுக்கு நேரம் போதாது. வாளியில தண்ணி எடுத்து, வேர் முழுக்கத் தாழ, நிழல்ல வைங்க. பொழுதுபட வச்சா விடிய எடுக்கலாம், 12 மணித்தியாலம் கணக்கு. நல்லாக் காய்ஞ்சு வந்திருந்தா கொப்போட சேத்து முழுக் கண்டையும் படுக்க வச்சுத் தாழ்க்கலாம். ஆனா 24 மணித்தியாலத்துக்கு மேல விடாதீங்க, வேருக்கும் மூச்சு வேணும், நிண்ட தண்ணிக்க கனநேரம் கிடந்தா மூச்சடைச்சு அழுகும். தண்ணிக்க உரம், சீனி, தேன், கத்தாழை எண்டு ஒண்டும் போடத் தேவையில்ல. கல்லடி எண்டதால இன்னொண்டு சொல்றன், கடற்கரைப் பக்கக் கிணறெண்டா முதல்ல வாயில வச்சுப் பாருங்க, சவர் அடிச்சா அந்தத் தண்ணி ரோசாவுக்கு ஆகாது, குழாய்த் தண்ணியை ஒரு ராவு திறந்து வச்சு குளோரின் மணம் போகவிட்டு எடுங்க, மழைத்தண்ணி பிடிச்சு வச்சிருந்தா அதைவிட நல்லம்.

விடிய வெட்டு வேலை. கத்தரியை ஸ்பிரிட்டால துடைச்சிட்டுத் தொடங்குங்க. நசுங்கின வேர், கறுத்த வேர், முறிஞ்ச வேர் எல்லாத்தையும் நல்ல இடம் வரைக்கும் வெட்டுங்க, நல்ல வேரிலயும் நுனியை அரை அங்குலம் வெட்டிவிடுங்க, புது வேர் கனக்க அந்தப் புது வெட்டுக் காயத்துக்குக் கிட்டதான் வரும். கொப்பில பென்சிலை விட மெல்லிசானது, ஒண்டோட ஒண்டு உரசிறது எல்லாம் அடியோட எடுத்திட்டு மொத்தமான மூண்டு நாலு கொப்பை மட்டும் விட்டு, அதையும் 6 இல்லாட்டி 8 அங்குலத்துக்குக் குறைங்க. வெளிப்பக்கம் பாத்த துளிர்க் கண்ணுக்குக் கால் அங்குலம் மேல சரிவா வெட்டணும். இந்த இடத்திலதான் கனபேருக்கு மனசு வராது, காசு குடுத்து வாங்கின கண்டை நாமளே வெட்டிக் குப்பையில போடுறதா எண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க, தோண்டி எடுக்கைக்குள்ள தண்ணி குடிக்கிற மயிர் மாதிரி மெல்லிய வேர் முக்காவாசி அங்கயே அறுந்து மண்ணுக்க நிண்டிட்டு. குடிக்கிற வாய் குறைஞ்சா சாப்பாடு கேக்கிற வயிறும் குறையணும்தானே.

சட்டி 12 அங்குலத்துக்குக் குறைய வேணாம், அடியில ஓட்டை இருக்கோணும். நடுவில மண்ணைப் புட்டுக் குவிச்ச மாதிரி ஒரு குவியலாக் குவிச்சு, அதுக்கு மேல கண்டை வச்சு வேரைச் சுத்தி எல்லாப் பக்கமும் விரிச்சுவிடுங்க, குடையை விரிச்சு வச்ச மாதிரி இருக்கும். வேர் சட்டியை விட நீளமெண்டா சுருட்டி அமத்தாதீங்க, வெட்டுங்க. சுருண்ட வேர் சுருண்டபடியேதான் வளரும். மறுகா பாதி மண் போட்டுத் தண்ணி ஊத்தி, அது இறங்கினாப் பிறகு மீதி மண். கையால அமத்தினாப் போதும், எங்கட மச்சான் ஒருத்தர் மாதிரி குதிக்காலால ஏறி மிதிக்க வேணாம். இடையில வேர் காத்தில காயவிடாதீங்க, ஒரு கண்டை நடுற வரைக்கும் மற்ற அஞ்சும் வாளிக்கதான் கிடக்கோணும், அல்லது ஈரச் சாக்குக்க.

கேள்வி: அண்ணன், போன வருசம் நாலு கண்டு மண்ணில்லாம வந்தது, சட்டியில வச்சன். பத்தாம் நாளே சிவப்புத் துளிர் வந்து வடிவா இலை விட்டிச்சு. சந்தோசத்தில ஒள்ளுப்பம் உரமும் போட்டு வெயிலுக்கு எடுத்து வச்சன். மூண்டாம் கிழமை இலையெல்லாம் சோர்ந்து கொப்பு நுனியில இருந்து கறுத்துக்கொண்டு வந்து நாலும் செத்திட்டு. தண்ணியும் ரெண்டு நேரம் ஊத்தினன். நான் என்ன பிழை விட்டன்?
காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, நீங்க நாலு கண்டில விட்ட பிழையை நான் 40 கண்டில விட்டவன். அதைச் சொன்னா உங்களுக்கு விளங்கிரும்.

நேர்சரி தொடங்கின முதல் வருசம், மலைநாட்டில ஒரு வியாபாரியிட்ட 40 கண்டு சொல்லி எடுத்தன். பெட்டி வந்து பாத்தா பேப்பர் காய்ஞ்சு நொறுங்குது, ஆள் தோண்டிக் கனநாள் வச்சிருந்துதான் அனுப்பியிருக்கார். அண்டைக்கே திருப்பி விட்டிருக்கோணும், விலை மலிவெண்டு வாயை மூடிக்கொண்டு எடுத்திட்டன். நனைச்சு வெட்டி நட்டு ரெண்டு கிழமையில 40ல 36 துளிர் விட்டிச்சு. எனக்கு நிலத்தில கால் இல்ல. வாற ஆக்கள் பாக்கட்டும் எண்டு ரோட்டுப் பக்கமா வெயில்ல அடுக்கி, ஆளுக்கொரு கரண்டி உரமும் போட்டன். மாசிக் கடைசி, வெயில் ஏறிக்கொண்டு வாற நேரம். ஒரு கிழமை போகல்ல, ஒண்டொண்டா தலையைத் தொங்கப்போட்டிட்டு. தண்ணி போதாதாக்கும் எண்டு இன்னும் ஊத்தினன். கடைசியில 11 கண்டுதான் மிஞ்சினது.

செத்த ஒண்டைப் பிடிச்சு இழுத்தன், ஒரு எதிர்ப்பும் இல்லாம மண்ணில குத்தின குச்சி மாதிரி வந்திட்டு. கழுவிப் பாத்தா, வேர் நான் வெட்டி வச்ச அண்டைக்கு எப்பிடி இருந்ததோ அப்பிடியே கிடக்கு. வெட்டின முகம் மண்ணிறமாகிக் கிடக்கு, ஒரு வெள்ளை வேர், நூல் தடிப்பில ஒரே ஒரு வெள்ளை வேர் கூட வரல்ல. மேல ஏழெட்டு இலை, கீழ ஒண்டுமில்ல.

அதுதான் விசயம். மொட்டைக் கண்டில முதல் வாற இலை வேர் அனுப்பின தண்ணியால வாறதில்ல, கொப்புக்கயும் தடிச்ச வேருக்கயும் சேத்து வச்சிருந்த மாச்சத்தில வாறது. கையில இருந்த சேமிப்பை எடுத்துத் தின்கிற மாதிரி. குளிர் நாட்டில மண் மெதுவா சூடாகும், அங்க வேர் தன்ர வேலையைத் தொடங்கிறதுக்கு நாள் கிடைக்கும், இலை மறுகாதான். எங்கட சூட்டுக்கு நட்ட கிழமையே கண் முழிச்சு இலை வந்திரும், வேர் இன்னும் எழும்பியிருக்காது. இலை வந்திட்டா அது வெயிலுக்கும் காத்துக்கும் தண்ணியை விடத்தானே செய்யும், கீழ இருந்து வரவு இல்ல, மேல செலவு, சேமிப்பு முடியிற அண்டைக்கு நுனியில இருந்து கறுக்கத் தொடங்கும். அந்த நேரம் நாம உரம் போட்டா உப்புச் சேந்து இருக்கிற வேரையும் எரிக்கும், தண்ணியைக் கூட ஊத்தினா மூச்சடைச்சு வெட்டுக் காயம் அழுகும். வெயில், உரம், தண்ணி எண்டு நாம மூண்டையும் செஞ்சம், நீங்களும் நானும்.

அதால இந்த முறை நட்டா முதல் நாலு கிழமை சட்டியை நிழல்ல வைங்க. வீட்டுக்குக் கிழக்குப் பக்கம், இல்லாட்டி 50 வீத நிழல் வலைக்குக் கீழ, காத்து நேர அடிக்காத இடமாப் பாத்து. காலையில ஒருக்கா, மத்தியானத்துக்கு முந்தி ஒருக்கா கொப்புக்கு மேல தண்ணியைப் பூந்தூறல் மாதிரித் தெளியுங்க, கொப்புக் காயாம இருக்கத்தான் அது. சட்டி மண்ணுக்கு ஊத்திறது வேற கணக்கு, விரலை ரெண்டு அங்குலம் உள்ளுக்கு விட்டுப் பாத்து காய்ஞ்சிருந்தாத்தான் ஊத்தோணும். இலை வந்தாலும் வரல்ல எண்டு நினைச்சுக்கொண்டு இருங்க. அஞ்சாம் ஆறாம் கிழமை சட்டி ஓட்டையால பாருங்க, வெள்ளை வேர் எட்டிப் பாத்தா வேலை முடிஞ்சிட்டு. ஓட்டையில தெரியாட்டி கொப்பை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா ஆட்டுங்க, மண்ணோட சேந்து இறுக்கமா நிண்டா நல்லம், தனியா ஆடினா இன்னும் பொறுங்க. சிவப்பா இருந்த இலை பச்சையாகித் தடிச்சு, அதுக்கு மேல ரெண்டாவது துளிர் வாறதும் ஒரு அடையாளம். அப்பத்தான் காலை வெயில், ஒரு கிழமை கழிச்சு முழு வெயில், உரம் அதுக்கும் பிறகு. முதல் வாற மொட்டைக் கிள்ளிவிடுங்க. கிள்ளுவீங்களோ தெரியா, எங்கட வீட்டம்மா எனக்குத் தெரியாம ஒண்டை விட்டு வச்சிருவா.

கேள்வி: சேர், இங்கிலாந்தில நேர்சரியில வேலை செய்யிற மகன் வீடியோ அனுப்பினவன். பெரிய தொட்டியில கட்டுக் கட்டா ரோசாவை ஊற வச்சு, வேரை வெட்டிச் சட்டியில வச்சு, மேல மரப்பட்டைத் தூளைக் கொட்டிக் கொப்பையே மூடுறாங்க. ஏன் கொப்பை மூடிற? நாங்களும் மூடலாமா?
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நல்ல கேள்வி ஐயா. அங்க நவம்பர் தொடக்கம் மார்ச் வரைக்கும்தான் இந்தக் கண்டுக்குக் காலம், ஏனெண்டா அப்பத்தான் ரோசா இலை கொட்டி மெய்யா நித்திரை கொள்ளும். தோட்டத்தில தோண்டி, பூச்சியத்துக்கு ஒண்டு ரெண்டு பாகை மேல இருக்கிற குளிர் அறைக்க ஈரமா வச்சிருந்து, கொஞ்சம் கொஞ்சமா வெளியில எடுத்து நடுவாங்க. அமெரிக்காவில இதுக்குத் தரமும் பிரிச்சிருக்கு, முதலாம் தரம் எண்டா தடிச்ச கொப்பு மூண்டுக்குக் குறையக் கூடாது.

கொப்பை மூடுறது கொப்புக் காயாம இருக்கத்தான். வேர் தண்ணி அனுப்பாத அந்த நாள்ள காத்து கொப்பைக் காயவைக்கும், ஈரப் பட்டைத்தூள் அதை மறிக்கும். கண் முழிச்சுத் துளிர் வெளிய வந்தாப் பிறகு தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக் கழுவி எடுத்திருவாங்க. சில இடங்கள்ள கண்டு முழிக்கப் பஞ்சிப்பட்டா ஈரத்தோட பொலித்தீனால மூடி சூடான இடத்தில சில நாள் வச்சு வேர்க்கவிடுவாங்க, அதுக்குப் பேரே வேர்வை வைக்கிறதுதான்.

எங்கட நிலை வேற. எங்களுக்கு வாற மலைநாட்டுக் கண்டு மெய்யா நித்திரை கொள்றதில்ல, அது கோழி நித்திரைதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில இருந்தாலும், ராவில 10 பாகைக்குக் கிட்ட இறங்கினாலும், ரோசா அங்க வருசம் முழுக்க இலையோடதான் நிக்கும். தோண்டிறவர் இலையை உருவி, கொப்பை வெட்டி அனுப்புறார். அது ஆக்கள் கதைச்சாலே முழிக்கிற நித்திரை, எங்கட மட்டக்களப்புச் சூட்டுக்கு வந்தா கேக்கவே வேணாம். அதால முழிக்கப் பண்றது எங்கட பிரச்சினை இல்ல, கொப்புக் காயாமப் பாக்கிறதுதான். பட்டைத்தூளுக்குப் பதிலா நான் கழுவின தும்புத்தூளை கொப்புக்குப் பாதி உயரத்துக்குக் குவிக்கிறன், ரெண்டு கிழமைக்கு. ஈரச் சாக்கைச் சுத்தினாலும் சரி. பொலித்தீனால மூடி வெயில்ல மட்டும் வைக்காதீங்க, பின்னேரம் எடுத்துப் பாத்தா அவிஞ்ச கிழங்கு மாதிரி இருக்கும். மகனுக்குச் சொல்லுங்க, அந்த ஊறப் போடுற தொட்டியை ஒருக்கா கிட்டத்தில எடுத்து அனுப்பச் சொல்லி, எனக்கும் பாக்க ஆசை.

கேள்வி: சட்டிக்கு என்ன மண் கலவை? எங்கட வளவு முழுக்க மணல்.
அக்கரைப்பற்று வாசகி

பதில்: நான் போடுறது மேல்மண் 2 பங்கு, ஆத்து மணல் 1, தும்புத்தூள் 1, நல்லா உக்கின மாட்டெரு 1, உமிக்கரி அரைப் பங்கு. மொட்டைக் கண்டுக்கு எருவைப் பாதியாக் குறைப்பன், வெட்டுக் காயத்தோட இருக்கிற வேருக்குப் பச்சை எரு பட்டாச் சூடு, ஆட்டுப் புழுக்கை எண்டா இன்னும் மோசம், அதை ஆறு மாசமாவது உக்க விட்டுத்தான் தொடுவன். தும்புத்தூளை அப்பிடியே போடாதீங்க, அதில உப்பு இருக்கும், நல்ல தண்ணியில ஊறப்போட்டு வடிச்சு, மூண்டு தரம் அப்பிடிச் செஞ்சு எடுங்க, முதல் தண்ணி சாயம் மாதிரிக் கறுப்பா வரும், மூண்டாம் தண்ணி வெளிறும். கடல் மணல் வேணவே வேணாம். சிப்பி கலந்த மணலில சுண்ணாம்பு கூட, ரோசாவுக்கு ஒள்ளுப்பம் புளிப்பு மண்தான் பிடிக்கும், கார அமில அளவு ஆறுக்கும் ஆறரைக்கும் இடையில, அதுக்கு மேல ஏறினா நரம்பு மட்டும் பச்சையா நிண்டு இலை மஞ்சளாகும். நீங்க அதைக் கண்டிட்டு உரம் குறைவெண்டு இன்னும் உரம் போடுவீங்க.

கேள்வி: ஒட்டின இடம் மண்ணுக்க போகணும் எண்டு யூடியூப்பில சொல்றாங்க, இன்னொருத்தர் மேல நிக்கணும் எண்டுறார். எது சரி? ஒட்டுக்குக் கீழ இருந்து ஏழு இலை உள்ள கொப்பு ஒண்டும் வருது, அது காட்டு ரோசாதானே?
கல்முனையிலிருந்து ஒரு தம்பி

பதில்: ரெண்டு பேரும் சரி, அவங்கட அவங்கட ஊருக்கு. மண் உறையிற நாட்டில ஒட்டின இடத்து முடிச்சைப் பனி கொண்டுபோயிரும் எண்டு ஒண்டு ரெண்டு அங்குலம் மண்ணுக்க தாழ்ப்பாங்க. எங்களுக்குப் பனி எங்க, மாரி மழைதான். முடிச்சு ஈரத்துக்க கிடந்தா அழுகும், அதால மண்ணுக்கு மேல ஒரு அங்குலமாவது தெரிய வைங்க. நட்டுத் தண்ணி ஊத்தினாப் பிறகு மண் இறங்கிக் கண்டும் சேந்து இறங்கும், அதையும் கணக்கில எடுங்க.

ஏழு இலைக் கணக்கை நம்பாதீங்க, நல்ல சாதியிலயும் ஏழு வரும், காட்டுச் சாதியிலயும் அஞ்சு வரும். எங்க இருந்து புறப்படுது எண்டு மண்ணைக் கிளறிப் பாருங்க. முடிச்சுக்குக் கீழ எண்டா காட்டுக் கொப்பு, கத்தரியால வெட்டாதீங்க, வெட்டினா மூண்டா வரும், பிடிச்சுக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிய்ச்சு எடுங்க. அதை விட்டா ஒரு நாள் உங்கட மஞ்சள் ரோசாவில கருஞ்சிவப்புச் சின்னப் பூ பூக்கும், கண்டு நிறம் மாறிட்டு எண்டு ஆக்கள் படம் போடுவாங்க. ஒட்டுறதுக்கு வேர்ப்பக்கமா அமெரிக்காவில கனக்கப் பாவிக்கிற அடிக் கண்டு டொக்டர் ஹியூ எண்டு ஒரு சாதி, அதுட பூதான் அந்தக் கருஞ்சிவப்பு. அங்கயே புளோரிடா மணலுக்கு எண்டு ஃபோர்ச்சூனியானா எண்ட சாதியில ஒட்டுவாங்க, அதுட வேர் மணலுக்க நல்லா ஓடும், வேரில முடிச்சுப் போடுற நெமற்றோட் புழுவையும் தாங்கும். எங்கட கரையோர மணலுக்கும் அப்பிடி ஒண்டு கிடைச்சா நான் ரெண்டு கையாலயும் வாங்குவன்.

கேள்வி: எந்த மாசம் நடுறது? வயல் மண்ணில நேர வைக்கலாமா?
சம்மாந்துறை வாசகர்

பதில்: தை நடுவில இருந்து மாசி முதல் கிழமை. அதுக்கு முந்தி கார்த்திகை மார்கழி எண்டா அடை மழை, சட்டி நிறைஞ்சு நிண்டிரும், அதுக்குப் பிந்தினா வேர் பிடிக்க முதல் வெயில் வந்திரும். தென்மேற்கால வாற வறண்ட கச்சான் காத்து தொடங்கைக்குள்ள கண்டு கால் ஊண்டி நிக்கோணும், அந்தக் காத்து நல்லா வளந்த ரோசாவையே ஒரு பின்னேரத்தில சுருட்டும். வயல் மண் களி, நேர வேணாம், முதல் வருசம் சட்டியில வளத்து மறுகா மேடு கட்டி இறக்குங்க.

கேள்வி: கனடாவில இருக்கிற தங்கச்சி ஆவணியில வாறா. மண் இல்லாத கண்டுதானே, சூட்கேஸுக்க ரெண்டு வச்சுக் கொண்டு வரலாமா?
ஏறாவூர் வாசகி

பதில்: வேணாம். மண் இல்லாட்டியும் அது தாவரம்தான். 1999ம் ஆண்டு 35ம் இலக்க தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, முன்கூட்டி இறக்குமதி அனுமதி எடுத்து, அங்கத்தைய அரசாங்கத்திட தாவர சுகாதாரச் சான்றிதழோட வந்து, கட்டுநாயக்காவில தாவரத் தொற்றுத்தடுப்பு ஆக்கள் பாத்துத்தான் விடுவாங்க. சட்டத்தை விட்டாலும் ஆவணியில அங்க கோடை, தோண்டிற காலமே இல்ல. தங்கச்சியிட்ட நல்ல கத்தரி ஒண்டு கொண்டு வரச் சொல்லுங்க.

கேள்வி: முட்டைக்கோது, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் போடலாமா?
வாழைச்சேனை

பதில்: குப்பைக் கிடங்கில போட்டு உக்கினாப் பிறகு போடலாம். நட்ட சட்டியில நேர போட்டா எறும்பும் கொசுவும்தான் வரும்.

கேள்வி: அண்ணன், நான் 100 கண்டு இறக்கி நட்டு விக்கலாம் எண்டு பாக்கிறன். எத்தனை தப்பும்? எத்தனை நாள்ள விக்கலாம்?
திருக்கோவிலிலிருந்து ஒரு தம்பி

பதில்: தம்பி, முதல்ல 20 இறக்குங்க. 20ல 14 தப்பினா முதல் தடவைக்கு நல்ல கைதான். 100 இறக்கினா ஒரு நாள்ள நனைச்சு வெட்டி நடுறதுக்கு ரெண்டு பேர் வேணும், பிந்தினா வாளிக்க கிடக்கிறது அழுகும், வெளிய கிடக்கிறது காயும். நானும் எங்கட பொடியன் ஒருத்தனும் விடிய 6 மணிக்குத் தொடங்கினா மத்தியானச் சோத்துக்கு முதல் 50 முடிப்பம், அதுவும் மண்ணை முதல் நாளே கலந்து சட்டியில பாதி நிரப்பி வச்சிருந்தாத்தான். பெட்டி பஸ்ஸால இறங்கின உடனே அந்த இடத்திலயே பிரிச்சு ஒரு கண்டையாவது சுரண்டிப் பாருங்க. காய்ஞ்சிருந்தா அங்க நிண்டே போன் போடுங்க, நான் அண்டைக்கு வாயை மூடினது 29 கண்டு விலை.

விக்கிறது 8 கிழமைக்கு முந்தி வேணாம். இலையோட நிக்கிறதைக் கண்டு ஆக்கள் மூண்டாம் கிழமையே கேப்பாங்க, காசும் கையில தெரியும், குடுத்தீங்களோ அவங்க கொண்டு போய் வெயில்ல வச்சு, ரெண்டு கிழமையில செத்த கண்டைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கட வாசல்ல நிப்பாங்க, ஊர் சின்னன், கதை கெதியாப் பரவும். ஒவ்வொரு சட்டியிலயும் நட்ட திகதியைக் குச்சியில எழுதிக் குத்துங்க, பேனை வேணாம், தண்ணி தெளிக்கத் தெளிக்க அழிஞ்சிரும், பென்சில் நிக்கும். கேக்கிற ஆளுக்கு அந்தக் குச்சியைக் காட்டி இன்னும் எத்தனை நாள் எண்டு சொல்லுங்க. அவசரமெண்டு நிக்கிற ஆளுக்குச் செவ்வந்தி குடுத்து அனுப்பலாம்.